சிலைக்குப் பக்கத்தில் யார்? சிங்கப்பூரின் நூற்றாண்டும் எமது நூற்றாண்டும்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலரைத் தொகுப்பதற்காக அரியாலையில் கூடிய முதல் நாளிலேயே ஒரு கேள்வி எழுந்தது. மலரின் முதற் பக்கத்தில் யாருடைய படத்தைப் போடுவது? பாடசாலையை நிறுவியவரின் படம் என்பதில் எவருக்கும் மறுப்பு இருக்கவில்லை. அதற்கு அடுத்த பக்கத்தில் யார் என்று கேட்டபோதுதான் பேச்சு நீண்டது. முதல் அதிபரா? காணி கொடுத்த குடும்பமா? முதல் நாள் வந்து பாயில் இருந்து படித்த சிறுமிகளா? மணி அடித்து, கிணற்றில் தண்ணீர் அள்ளி, வகுப்பறை கூட்டிய அம்மாவா? அன்று நாங்கள் ஒரு முடிவுக்கும் வரவில்லை.

சிங்கப்பூரில் வாழும் எமது மூத்த மாணவி ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "இந்தக் கேள்வியை எங்கடை ஊர் நூறு வருச இடைவெளியில் இரண்டு தரம் கேட்டது" என்றார். அவர் சொன்னதைப் பின்பற்றி நாங்கள் வாசித்தவற்றையே இங்கு எழுதுகிறோம். ஒரு நகரம் தன் நூற்றாண்டை எப்படிக் கொண்டாடியது, பின்பு அந்தக் கொண்டாட்டத்தை எப்படித் திருத்திக்கொண்டது என்பது எமக்கும் பயன்படும் பாடம்.

சிங்கப்பூர் எங்களுக்கு அந்நியமான ஊர் அல்ல. மலாயாவில் ஆங்கிலேயர் றெயில் பாதை போட்டபோதும் காணி அளந்தபோதும் அலுவலகங்கள் திறந்தபோதும், ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர் அங்கு போனார்கள். மலாயாவின் முதலாவது றெயில் பாதை தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில் 1885இல் திறக்கப்பட்டது. அதன் பின் கிளாக்கராக, ஸ்டேசன் மாஸ்டராக, ஆசிரியராக, அப்போதிக்கரியாகப் போனவர்கள் பலர். அவர்கள் அனுப்பிய மணியோடரில் வீடுகள் கட்டப்பட்டன, பிள்ளைகளின் பாடசாலைக் காசு கட்டப்பட்டது. 'மலாயன் பென்சனியர்' இல்லாத கிராமம் குடாநாட்டில் அரிது. மணப்பெண்ணாகக் கப்பலேறிப் போன எமது மாணவிகளும் உண்டு. சிங்கப்பூரின் சிலோன் ரோட்டில் உள்ள செண்பக விநாயகர் கோயில், 1875இல் எதிர்நாயகம்பிள்ளை என்ற இலங்கைத் தமிழர் கட்டிய சிறு கோயிலிலிருந்து வளர்ந்தது. 1910இல் தொடங்கிய சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் அதை நிருவகித்து வருகிறது.

இனி அந்த நகரத்தின் தொடக்கத்துக்கு வருவோம். 1819 ஜனவரி பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இறங்கினார். பெப்ரவரி 6ஆம் திகதி சுல்தான் ஹுசைனுடனும் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானுடனும் உடன்படிக்கை கைச்சாத்தாகி, கம்பனியின் வணிக நிலையம் நிறுவப்பட்டது. தீவு வெறுமையாக இருக்கவில்லை. தெமெங்கோங்கின் மலாய்க் குடிகளும், படகிலேயே வாழ்ந்த ஓராங் லாவுத் மக்களும், கம்பீர் பயிர் செய்த சில சீனரும் அங்கு ஏற்கெனவே இருந்தார்கள். ராஃபிள்ஸ் அங்கு மூன்று முறைதான் வந்தார். கடைசி வருகையே நீண்டது, 1822 ஒக்டோபர் முதல் 1823 ஜூன் வரை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊரை நாளாந்தம் நடத்தியவர் முதல் ரெசிடென்ட் வில்லியம் ஃபார்க்குவார். ஆனாலும் 'நிறுவியவர்' என்ற பெயர் ராஃபிள்ஸுக்கே போனது.

1887இல் விக்டோரியா இராணியின் பொன்விழாவை ஒட்டி, தோமஸ் வூல்னர் என்ற சிற்பி செய்த ராஃபிள்ஸின் வெண்கலச் சிலை பாடாங் மைதானத்தில் திறந்துவைக்கப்பட்டது. திறந்த நாள் ஜூன் 27. வாசகர்கள் இந்த ஆண்டை மனதில் வைத்திருக்க வேண்டும். பின்பு இதே ஆண்டுக்குத் திரும்பி வருவோம்.

நூற்றாண்டு 1919இல் வந்தது. முதலாம் உலக யுத்தம் முடிந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. முந்திய ஆண்டின் விஷக்காய்ச்சல் உலகம் முழுவதையும் போலச் சிங்கப்பூரையும் வாட்டியிருந்தது. அப்படியிருந்தும் நகரம் விழாவைக் கைவிடவில்லை. விழா நாளாக அது தேர்ந்தது ராஃபிள்ஸ் கரையிறங்கிய நாளை அல்ல, உடன்படிக்கை நாளான பெப்ரவரி 6ஐ. அன்று விளையாட்டு மைதானத்தில் நின்ற சிலை விக்டோரியா ஞாபகார்த்த மண்டபத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. பின்னால் அரைவட்டமாகத் தூண் வரிசை, முன்னால் நீர்த் தடாகம். நகரம் தன் நூறு ஆண்டை ஒரு மனிதரின் உருவத்தில் கண்டது.

ஆனால் 1919இன் விழா சிலையோடு நின்றுவிடவில்லை. வாணவேடிக்கைக்கு மேலாக நிலைத்து நிற்கும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று விழாவை ஒழுங்கு செய்தவர்கள் கருதினார்கள். நூற்றாண்டு நினைவாக ஓர் உயர்கல்விக் கல்லூரி அமைப்பது என்று முடிவாயிற்று. பணம் சேர்க்கவும் கட்டவும் ஒன்பது ஆண்டுகள் சென்றன. ராஃபிள்ஸ் கல்லூரி 1928இல் மாணவரைச் சேர்த்தது. 1949இல் அது மருத்துவக் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயிற்று. இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அந்த வழியில் வந்ததே. அன்றைய நாளின் கொண்டாட்டங்களை இன்று அறிந்தவர் சிலரே. கல்லூரியின் பயனை மூன்று நான்கு தலைமுறைகள் பெற்றுவிட்டன.

இன்னொன்று, நூல். மேக்பீஸ், புரூக், பிராடெல் என்ற மூவர் தொகுத்த 'சிங்கப்பூரின் நூறு ஆண்டுகள்' இரண்டு பாகங்களாக 1921இல் வெளிவந்தது. அந்நூலில் சீனரைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்க்க நினைத்தார்கள். அந்தப் பணி சொங் ஒங் சியாங் என்ற சட்டத்தரணியின் கைக்கு வந்தது. அவர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, குடும்பங்களை விசாரித்து, பெயர் பெயராகச் சேர்க்கத் தொடங்கினார். சேர்ந்ததை ஓர் அத்தியாயத்துக்குள் அடக்க முடியவில்லை. 1923இல் அது சிங்கப்பூர்ச் சீனரின் நூற்றாண்டு வரலாறு என்ற தனிப் பெருநூலாக வந்தது. இன்றும் ஆய்வாளர் முதலில் எடுப்பது அதைத்தான். சொங் ஒங் சியாங் எங்களைப் போன்றோர் நன்றியுடன் நினைக்கத்தக்க இன்னொரு வேலையும் செய்தவர். 1899இல் தோன்றிய சிங்கப்பூர்ச் சீனப் பெண்கள் பாடசாலையை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர்.

தமிழருக்கு அத்தகைய ஒரு பெருநூல் அவ்வேளை எழவில்லை. ஆள் இல்லாமலா? இல்லை. எழுதிச் சேர்ப்பவர் இல்லாமலே. இருந்தவர்கள் யார் என்பதை நூறு ஆண்டு கழித்துத்தான் நகரம் உரக்கச் சொன்னது. அதற்கு முன் சிலைக்கே சோதனைக் காலம் ஒன்று வந்தது.

1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும் ராஃபிள்ஸ் சிலை அகற்றப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. தூண் வரிசை மறைந்தது. யுத்தம் முடிந்து 1946இல் சிலை மட்டும் திரும்பி வந்தது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி போனதும், அவர்களுடைய சிலை எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய பொருளாதார ஆலோசகர் அல்பர்ட் வின்செமியஸ் கொடுத்த புத்திமதிகளில் ஒன்று, ராஃபிள்ஸ் சிலையை எடுக்க வேண்டாம் என்பது. சிலை நின்றால் வெளிநாட்டு முதலீட்டாளர் நம்பி வருவார்கள் என்பது அவரது கணக்கு.

இந்த முடிவை வரலாற்று நோக்கில் விளக்கியவர் எங்கள் மண்ணில் பிறந்தவர். சுதந்திர சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர் சி. இராசரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவில் சிரம்பானில் வளர்ந்தவர். மலாயர், சீனர், இந்தியர் ஆகிய மூவரும் தத்தம் மூதாதையரின் பழமையை முன்னிறுத்தி உரிமை கோரத் தொடங்கினால் சிறு நாடு சிதறிவிடும் என்பது அவரது அச்சம். எந்த இனத்துக்கும் மூதாதை அல்லாத ஒருவரை நிறுவியவராக ஏற்பதில் சண்டைக்கு இடமில்லை என்று அவர் கருதினார். 1969இல் நாடு 150ஆவது ஆண்டைக் கொண்டாடியபோதும் கணக்கு 1819இலிருந்தே தொடங்கியது. அவரது நியாயம் எமக்கு விளங்குகிறது. ஆனால் சண்டையைத் தவிர்க்கத் தேர்ந்த தொடக்கம், தவிர்க்கப்பட்டவர்களை மறைத்தும்விடும்.

இதை உணர்ந்ததுபோலத்தான் 2019இல் வந்த 200ஆவது ஆண்டு நடந்தது. ராஃபிள்ஸ் இறங்கியதாகச் சொல்லப்படும் ஆற்றங்கரையில், 1972 முதல், பழைய சிலையின் வெள்ளைப் பிரதி ஒன்று நிற்கிறது. ஆண்டு பிறக்கும் வேளையில் ஓவியர் ஒருவர் அதன்மேல் பின்னாலுள்ள உயர்ந்த கட்டடத்தின் நிறத்தையும் கோடுகளையும் தீட்டினார். ஓரிடத்தில் நின்று பார்த்தால் சிலை மறைந்துபோனதாகவே தோன்றியது. ராஃபிள்ஸ் வராதிருந்தால் இந்த ஊர் எப்படியிருக்கும் என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். சில நாளில் நிறம் அகற்றப்பட்டது. ஜனவரி 4ஆம் திகதி பார்த்தபோது ராஃபிள்ஸ் தனியே இல்லை. பக்கத்தில் நான்கு பேர் நின்றார்கள்.

ஒருவர் சங் நீல உத்தமர். மலாய் வரலாற்று நூல் மரபின்படி பலெம்பாங்கிலிருந்து வந்து 1299இல் சிங்கப்பூரை நிறுவிய இளவரசர். அவரை நிறுத்தியதோடு நகரத்தின் வயது 200 அல்ல, 700 என்று ஆனது. இரண்டாமவர் தான் தொக் செங். மலாக்காவிலிருந்து மரக்கறி விற்க வந்து, செல்வரானபின் ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்தவர். மூன்றாமவர் முன்ஷி அப்துல்லா. யெமனிலிருந்து நாகூருக்கு வந்தவரின் தமிழ் வழித்தோன்றல், ராஃபிள்ஸின் எழுத்தர். அன்றைய சிங்கப்பூரை மலாய் மொழியில் கண்ணால் கண்டபடி எழுதி வைத்தவர்.

நான்காமவர் நாராயணபிள்ளை. 1819 மே மாதத்தில் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்தவர். முதலில் காசு பார்க்கும் கிளாக்கர் வேலை. ஊரில் கட்டடம் கட்ட ஆள் இல்லை என்று கண்டு, பினாங்குக்கு எழுதி மேசனையும் தச்சரையும் வரவழைத்தார். சொந்தமாகச் செங்கற் சூளை போட்டார். பிறகு புடைவைக் கடை வைத்தார். 1822இல் அது தீயில் எரிந்து கடனாளியானார். மீண்டும் எழுந்தார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலை 1827இல் அமைத்தவர் அவரே. அந்த நகரத்தின் முதற் சுவர்களுக்குக் கல் சுட்டவர் ஒரு தமிழர் என்பதை நகரம் சிலை வைத்துச் சொல்ல 200 ஆண்டு எடுத்தது. சிலைகள் தற்காலிகமானவை. பின்பு எடுத்துவிட்டார்கள். ஆனால் பாடசாலைப் பிள்ளைகள் அந்தப் பெயரைப் படித்துக்கொண்டார்கள்.

இவ்வளவையும் வாசித்து மகிழ்ந்த நாங்கள், மலர்க்குழுவில் இளையவளான ஒரு தங்கச்சி கேட்ட ஒரு கேள்வியில் அமைதியானோம். "அந்த ஐந்து பேரிலும் ஒரு பெண் கூட இல்லையே?"

இல்லைத்தான். ஆனால் பெண்கள் அந்த ஊரில் இருந்தார்கள். தான் தொக் செங் 1850இல் இறந்தபின், அவரது மனைவி லீ சியோ நியோ தம் பணத்தில் அதே மருத்துவமனையில் பெண்களுக்கு ஒரு வார்ட் கட்டக் கொடுத்தார். மருத்துவமனையின் பெயர் கணவருடையது. 1842இல் மரியா டயர் என்ற மிஷனரிப் பெண்மணி வீதியில் நின்ற சிறுமிகளைச் சேர்த்துத் தொடங்கிய பாடசாலை இன்று செயின்ட் மார்கிரட்ஸ் என்ற பெயரில் நடக்கிறது.

இனி 1887க்குத் திரும்புவோம். ராஃபிள்ஸின் வெண்கலச் சிலை மைதானத்தில் ஏறி நின்று ஏழு வாரம் ஆனபோது, ஓகஸ்ட் 15ஆம் திகதி, ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடை வீட்டில் சோபியா பிளாக்மோர் என்ற அவுஸ்திரேலியப் பெண்மணி ஒரு பாடசாலை தொடங்கினார். வந்தவர்கள் ஒன்பது சிறுமிகள். ஒன்பது பேரும் தமிழ்ப் பிள்ளைகள். பாடசாலையின் பெயரே 'தமிழ்ப் பெண்கள் பாடசாலை' என்பதுதான். அதுவே இன்று சிங்கப்பூரின் புகழ்பெற்ற மெதடிஸ்ட் பெண்கள் பாடசாலை. அந்த ஊரில் பெண் கல்வியின் ஒரு பெரிய ஆலமரம் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு தொடங்கியிருக்கிறது. ஆற்றங்கரையில் நின்றவர்களுள் அவர்கள் இல்லை.

தொடக்கத்தை எங்கே வைப்பது என்ற சிக்கல் சிங்கப்பூருக்கு மட்டும் உரியதல்ல. சென்னை 1639 ஓகஸ்ட் 22ஐத் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. கம்பனிக்குக் கரையோர நிலம் கிடைத்த நாள் அது. 1939இல் 300 ஆண்டு கொண்டாடி, கனமான நினைவு மலரும் வெளியிட்டார்கள். 2004 முதல் ஆண்டுதோறும் 'மெட்ராஸ் டே' நடக்கிறது. ஆனால் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியவை என்பதை அங்குள்ளவர்களே சொல்வார்கள்.

எமது யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1619இல் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றினர். 1621இல் தலைநகரை நல்லூரிலிருந்து கடற்கரைக் கோட்டைப் பக்கம் மாற்றினர். ஏட்டின்படி பார்த்தால் இன்றைய யாழ்ப்பாண நகரம் பிறந்த ஆண்டு அதுதான். அதே 1621இல்தான் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அந்த ஆண்டை நாம் பிறந்தநாளாகக் கொண்டாட முடியுமா? நல்லூரை அடுத்து வாழும் அரியாலையார் எவரும் அப்படி எண்ணமாட்டார்கள். பிறந்தநாள் இல்லாத நகரமும் நகரந்தான். நாம் வருடா வருடம் கொண்டாடுவது கோயில் கொடியேற்றத்தையும் சித்திரை வருடப் பிறப்பையும். நிறுவிய நாளைவிட, திரும்பத் திரும்ப ஒன்றுகூடும் நாள் எமக்குப் பெரிது.

இனி எமது நூற்றாண்டு. எங்களுக்கு ஒரு தொடக்க நாள் உண்டு, ஒரு நிறுவுநரும் உண்டு. அவருக்குரிய மரியாதையில் குறை வைக்க எவரும் எண்ணவில்லை. ஆனால் முதல் மாணவிகளின் பெயர்களைத் தேடியபோது கை வெறுமையாகவே திரும்பியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. ஊரின் பழைய பத்திரிகைகளைத் தேடும் வழிகளும் அன்றோடு சுருங்கின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி கண்டி வீதி வழியே அரியாலையைத் தாண்டி நாவற்குழிப் பாலம் நோக்கி மக்கள் வெள்ளமாகப் போன இரவில், பிள்ளையைத் தூக்கியவர்கள் அல்பத்தைத் தூக்கவில்லை. திரும்பி வந்தபோது வீடுகளில் கூரையும் இல்லை, பெட்டகமும் இல்லை. பரிசளிப்பு விழா அறிக்கைகள் சில கிடைத்தன. அவற்றில் பரிசு பெற்றவர்களின் பெயர்கள் உண்டு. ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டவர்கள், பெரியபிள்ளையானதும் நின்றவர்கள், தம்பியைப் படிப்பிக்கத் தாம் படிப்பை விட்டவர்கள் அவற்றில் இல்லை. அவர்களும் எமது பழைய மாணவிகளே.

ஆகவே மலர்க்குழு இவ்வாறு முடிவு செய்தது. முதற் பக்கத்தில் நிறுவுநரின் படம் இருக்கும். அடுத்த பக்கத்திலிருந்து பெயர்கள் வரும். பட்டமும் பதவியும் இன்றி, பெயர், ஊர், படித்த காலம் என்று மட்டும். கற்பித்தவர்களோடு, சமைத்தவர்கள், கூட்டியவர்கள், மணி அடித்தவர்கள் பெயர்களும் அதே வரிசையில், அதே எழுத்தில் வரும். அவற்றுக்குப் பின் சில பக்கங்களை வெறுமையாகக் கோடிட்டு விட்டிருக்கிறோம்.

அந்தப் பக்கங்கள் உங்களுக்கானவை. ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில், சிங்கப்பூரில், கொழும்பில், அல்லது இங்கே நாலு வீடு தள்ளி இருந்தாலும், உங்கள் அம்மம்மாவிடம், பெரியம்மாவிடம், ஒரே வாங்கில் இருந்து படித்த தோழியிடம் இன்றே கேளுங்கள். உங்களுடைய வகுப்பில் யார் யார் இருந்தார்கள்? யார் பாதியில் நின்றார்கள்? ஏன் நின்றார்கள்? சொல்பவருக்கு எண்பது வயது என்றால் அடுத்த விடுமுறை வரை தள்ளிப்போட வேண்டாம். அவர் சொன்னபடியே எழுதி, படம் எடுத்து, சங்கச் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள். ஓர் அத்தியாயத்துக்கென்று தொடங்கிய சொங் ஒங் சியாங்கின் வேலை ஒரு நூலாகப் பெருகியது போல, உங்கள் கடிதங்களும் இன்னொரு தொகுதியாகப் பெருகுமானால் அதை அச்சிடச் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூரில் ஒரு சிலைக்குப் பக்கத்தில் நான்கு பேர் வந்து நிற்க நூறு ஆண்டு சென்றது. எங்கள் முதற் பக்கத்துக்கு அடுத்த பக்கம் இந்த ஆண்டே நிரம்ப வேண்டும் என்பது எமது ஆசை.